பண்டத்துக்குச் சான்றிதழ் உண்டு, மாஸ்டருக்கு?

சிவகாசிப் பக்கம் பிளஸ் டூ முடிச்ச பையனிடம் "பயர் ஆபீஸை விட்டா வேற என்னடா இருக்கு?" என்று கேட்டால், 'கேட்டரிங்' என்பதும் இப்போது ஒரு பதில். நல்ல பதில்தான். 2012 முதலிப்பட்டி விபத்தை மறக்காத ஊர் இது. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டதையும் பார்த்த ஊர். பிள்ளை கையில் மருந்து ஒட்டக்கூடாது என்று நினைக்கிற அம்மாவுக்கு அது ஒரு கதவு.

கதவில் தொங்கும் பூட்டைப் பாருங்கள். தரமணி உள்ளிட்ட மத்திய ஹோட்டல் மேலாண்மை நிறுவனங்களில் பட்டம் படிக்க ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதை நடத்துவது தேசியத் தேர்வு முகமை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். இதே முகமை நீட் தேர்வைத் தமிழிலும் நடத்துகிறது! உடம்பைக் கிழித்து வைத்தியம் பார்க்கப் போகிறவரிடம் தமிழில் கேட்கலாமாம். சாப்பாடு பரிமாறப் போகிறவரிடம் கூடாதாம்.

விருந்தினரிடம் பேச இங்கிலீஷ் வேணும்தான். அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே மூணு வருஷம்? வாசலிலேயே கேட்டுவிட்டால் உள்ளே என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்? தாட்கோ மூலம் ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகள் அங்கே படிக்கும் செலவை அரசு ஏற்கிறது. பாராட்டலாம். ஆனால் அது பணப்பூட்டு. மொழிப்பூட்டு அப்படியேதான் தொங்குகிறது.

இன்னொரு கூத்து. இந்த மாவட்டமே சாப்பாட்டுத் தொழிலில் பேர் வாங்கியது. சாத்தூர் சேவு, விருதுநகர் எண்ணெய் பரோட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. பண்டத்துக்குச் சான்றிதழ் உண்டு. கிண்டுகிறவருக்கு? மாவு எவ்வளவு நேரம் ஊறணும், எந்தச் சூட்டில் எண்ணெயில் இறக்கினால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மெதுவும் வரும் என்பது பரோட்டா மாஸ்டரின் கைக்குத் தெரியும். எட்டாவதோடு நின்ற அந்த ஆள் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பமே போட முடியாது, பிளஸ் டூ வேணும்.

அனுபவசாலிகளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்ற ஏற்பாட்டைப் பிரதமரின் திறன் திட்டம் வைத்திருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அந்தத் தாளுக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய் ஏறட்டும், பட்டயப்படிப்பில் பாதி வருஷமாவது கழியட்டும்; அப்புறம் அதைத் தகுதி என்று சொல்லலாம். இல்லைன்னா பிரேம் போட்டு மாட்ட ஒரு படம், அவ்வளவுதான்.

முதல் வேலையாக, அந்தத் தேர்வைத் தமிழில் கொண்டுவாங்க. அடுத்தது, மாஸ்டரைத் தரமணிக்குக் கூப்பிடுங்க, மாணவராக இல்லை, வாத்தியாராக. வாத்தியார் சம்பளத்தோட.