சேகரிக்கும் சிறுவர்க்குக் கைகொடுப்போம்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றன. காத்து வைத்ததே வரலாறாக மிஞ்சும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அந்த ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த பிள்ளைகளிடம் அஞ்சல்தலை, பழங்காசு சேர்க்கும் ஆர்வத்தை வளர்க்க நாம் என்ன செய்கிறோம்?

அஞ்சல்துறை 2017-இல் அறிவித்த தீன்தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில், அஞ்சல்தலை சேகரிக்கும் 6 முதல் 9-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. நாடு முழுவதற்கும் 920 பேருக்கு இடம். பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இருக்க வேண்டும். இல்லையேல் மாணவர் பெயரில் அஞ்சல்தலை வைப்புக் கணக்கு வேண்டும். அதை 200 ரூபாயில் தொடங்கலாம். இந்தச் செய்தி கிராமப் பள்ளிகளின் வாசலை எட்டியாக வேண்டும்.

மூத்த சேகரிப்பாளர்கள் தம்மிடம் ஒன்றுக்கு மேல் இருப்பவற்றைப் பள்ளிகளுக்குத் தரட்டும். விலை பேசுவதை விட்டு, அஞ்சல்தலையில் இருப்பவர் யார், காசில் பொறித்த எழுத்து எது என்று பிள்ளைகளோடு பேசட்டும். நிலத்தில் புதையலாகக் கிடைக்கும் காசை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லித் தரட்டும். ஆசிரியர்கள் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டும். கண்காட்சிகள் நகரங்களோடு நில்லாமல் ஒன்றியப் பள்ளிகளுக்கும் வரட்டும்.

கேள்வி கேட்கும் பிள்ளையை விரட்டாமல் பக்கத்தில் உட்கார வைத்தாலே போதும். மற்றதை அந்த ஆர்வம் பார்த்துக்கொள்ளும்.