பலகைமேற் பழி

எமது ஆய்வுகூடத்தின் மூலையிலே, "பழுது" என்றெழுதிய அட்டைப்பெட்டியொன்று நெடுநாளாய்க் கிடந்தது. கணினி கண்டுகொள்ளாத ஆர்டுயினோப் பலகைகள் அதனுட் குவிந்திருந்தன. சென்ற விடுமுறையில் அவற்றை எடுத்துச் சோதித்தோம். பெரும்பாலன யாதொரு குறையுமின்றி இயங்கின! குற்றம் பலகையினதன்று, கேபிளினது. அவற்றுள் ஒன்று, விடுதி மாணவரொருவர் சிற்றுண்டிச் செலவைக் குறைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. அது கெட்டொழிந்ததென நம்பி, அவர் தம் இறுதியாண்டுத் திட்டப்பணியையே கைவிட்டுப் பிறர் குழுவொன்றிற் பெயரளவிற்குச் சேர்ந்து தேறினார். இதனை எண்ணுந்தோறும் எமக்கு வருத்தம் மிகுகின்றது.

ஆர்டுயினோ 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் கல்லாதாரும் எளிதிற் கையாளுமாறு ஆக்கப்பட்டது. அவ்வெளிமையே நம் மாணவரை மயக்குகின்றது போலும். பலகையைச் செருகியதும் விளக்கு எரிகின்றது. விளக்கு எரிதலின் கேபிள் நன்றெனத் துணிகின்றனர். அத்துணிபு பிழை. சாதாரண யூ.எஸ்.பி. கேபிளினுள் நான்கு கம்பிகள் உள. இரண்டு, 5 வோல்ட் மின்சாரம் கொணர்வன. ஏனை இரண்டே செய்தி சுமப்பன. கைப்பேசிக்கு மின்னேற்றுதற்கென்றே விற்கும் மலிவான கேபிள்கள் சிலவற்றிற் பின்னிரண்டும் இல்லை. அத்தகைய கேபிளிலும் விளக்கு எரியும். முன்பு ஏற்றிய நிரலும் ஓடும். கணினிக்கோ ஒன்றுந் தெரியாது. பலகை தன் செய்திக் கம்பியொன்றை 1.5 கிலோ ஓம் தடையின் வழியே ஏறத்தாழ 3.3 வோல்ட்டுக்கு உயர்த்தியபின்னரே, யாரோ வந்துளர் எனக் கணினி உணர்ந்து, "நீ யார்?" என வினவும். கதவைத் தட்டாத விருந்தினனை வீட்டார் எங்ஙனம் அறிவர்?

ஆகவே, கணினியின் மௌனம் வேறு, மறுப்பு வேறு. செருகியபோது அது முற்றும் வாளாவிருப்பின், முதலிற் கேபிளையும் போர்ட்டையும் ஐயுறல் வேண்டும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிற் பலகையின் பெயர் தோன்றி மஞ்சட் குறியும் உடனிருப்பின், டிரைவர் இல்லையென்று கொள்க, சி.எச்.340 என்னுஞ் சில்லுடைய மலிவுப் பலகைகளில் இது மிகுதி. "அறியப்படாத சாதனம்" என்று மட்டும் வரின், பேச்சுத் தொடங்கி இடையில் அறுந்ததென்க. நைந்த கேபிளோ, தளர்ந்த செருகியோ, சில்லின் கோளாறோ காரணமாகலாம். லினக்ஸிற் போர்ட்டு தோன்றியும் நிரல் ஏறாதாயின், பயனர் உரிய குழுவிற் சேர்க்கப்படவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

டிரைவரே முதற்காரணமென வாதிப்போரும் உளர். அவர் கூற்றை முற்றும் தள்ளுதற்கில்லை. 2014ஆம் ஆண்டு அக்டோபரில், விண்டோஸ் புதுப்பித்தலுடன் வந்த எஃப்.டி.டி.ஐ. டிரைவர் போலிச் சில்லுகளின் அடையாள எண்ணைச் சுழியாக்கிவிட, நேற்றுவரை இயங்கிய கருவிகள் கணினிக்கு அந்நியமாயின. ஆயினும், டிரைவரை நீக்கி நிறுவுதற்கு ஒரு மணி நேரம் செல்லும். கேபிளை மாற்றுதற்கு அரை நிமிடம் போதும். எளிய ஐயத்தை விட்டு அரிய ஐயத்தைத் தேடியோடுவதேன்? கணினியின் இயங்குதளத்தையே அழித்து மீளநிறுவிய மாணவரையும் யாம் கண்டோம். அன்றும் அதே கேபிள்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

2021இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பீக்கோப் பலகை இவ்வகையிற் பேருதவி. அதன் பூட்செல் பொத்தானை அழுத்தியவாறே செருகின், தனி டிரைவர் ஏதுமின்றி அது ஒரு சேமிப்பகமாய்க் கணினியில் தோன்றும். அவ்வாறு தோன்றிய கேபிளை நல்லதென நம்பி, பிற பலகைகளுக்கும் போர்ட்டுப் பொருந்துமேற் பயன்படுத்தலாம்.

நிற்க. ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. செய்முறைத் தேர்விலே விளக்கு மின்னினால் மதிப்பெண், மின்னாவிடில் இல்லை என்னும் வழக்கம் தகாது. மின்னாமைக்குக் காரணத்தை முறைப்படி தேடிய மாணவனுக்கு ஏன் மதிப்பெண் அளித்தலாகாது? வேண்டுமென்றே கெட்ட கேபிளொன்றைக் கொடுத்துப் பழுதறியச் செய்யும் வகுப்பொன்று பருவந்தோறும் நடைபெறல் வேண்டும். பாடத்திட்டத்தில் அதற்கு நேரமில்லை என்பர். அட்டைப்பெட்டி நிறையுமளவும் பலகைகளை வீசுதற்கு நேரமிருந்ததன்றோ?

செய்திக் கம்பியற்ற கேபிள்களை யாமே வெட்டி அகற்றிவிட்டோம். எஞ்சிய பலகைகள் வியாழன்தோறும் மாலையிற் சோதிக்கப்படுகின்றன. உரியவர் வந்து தத்தம் பலகையைப் பெற்றுக்கொள்க. வரும்போது கேபிளையும் உடன் கொணர்க.