தெளிவான படத்துக்குப் புதுச் செல்போன்தான் வழியா?



சேலம் அம்மாபேட்டைத் தெருக்களில் நடந்தால் தறிச் சத்தம் இன்றும் காதில் விழும். நெய்து முடித்த சேலையையோ வெண்பட்டு வேட்டியையோ கையில் எடுத்துக்கொண்டுதான் முன்பெல்லாம் வியாபாரியைத் தேடிப் போவார்கள். இப்போது துணி தறியை விட்டு இறங்கியதும் அதைச் செல்போனில் படம் எடுத்து அனுப்புவதும் உண்டு. வாங்குபவர் வெளியூரில் இருந்தபடியே கரையையும் ஜரிகையையும் படத்தில் பார்த்து விலை பேசுகிறார். படம் மங்கலாக இருந்தால் என்ன ஆகும்? நன்றாக நெய்த துணியும் மட்டமான துணி போலத் தோன்றும். உழைப்புக்கு உரிய விலை கிடைக்காது.

இங்கேதான் வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது. "நம் போன் பழையது, 200 மெகாபிக்சல் போன் வாங்கினால் படம் பளிச்சென்று விழும்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெற்றோரும் மாதத் தவணையில் வாங்கித் தரத் துணிகிறார்கள். இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன்னர் மூன்று உண்மைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். அவற்றை அறிந்து நடந்தால், பகலில் துணியைப் படம் எடுக்கப் பழைய போனே பெரும்பாலும் போதும்.

முதல் உண்மை வில்லையைப் பற்றியது. ஒளி அலையாகப் பரவுகிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே எவ்வளவு நேர்த்தியான வில்லையும் ஒரு விண்மீனின் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க முடியாது. ஒரு சிறு வட்டமாகத்தான் குவிக்கும். இங்கிலாந்து வானியலார் ஜார்ஜ் ஏரி இதனை 1835-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். வட்டத்தின் விட்டம் = 2.44 × ஒளியின் அலைநீளம் × எஃப் எண். குவியத் தொலைவை வில்லைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே எஃப் எண். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 0.55 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எஃப் எண் 1.8 என்று கொண்டால், வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 2.4 மைக்ரான் வருகிறது.

200 மெகாபிக்சல் காமிராவில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.6 மைக்ரான்தான். வில்லை வரையும் ஒரு வட்டத்தின் குறுக்கே நான்கு புள்ளிகள் அடங்கிவிடுகின்றன! பருமனான தூரிகையை வைத்துக்கொண்டு, கட்டம் போட்ட தாளில் கட்டங்களை மட்டும் சிறிதாக்கினால் ஓவியம் நுட்பமாகிவிடுமா? இந்தக் காமிராக்களில் பல, வழக்கமாக எடுக்கும் படத்தில் 16 புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து, சுமார் 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. அந்த அளவு படத்தைத் தரும் காமிரா உங்கள் பழைய போனிலேயே இருக்கலாம்.

இரண்டாவது உண்மை ஒளியையும் கையையும் பற்றியது. நண்பகல் வெயிலில் ஒளியின் அளவு சுமார் 1,00,000 லக்ஸ். டியூப் லைட் எரியும் அறையில் அது சில நூறு லக்ஸுக்குள்தான் இருக்கும். நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இந்தப் பெரிய வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. காமிராவோ குறைந்த ஒளியை ஈடுகட்ட, அதிக நேரம் ஒளியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் கை அசைந்தால்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். படத்தின் அகலத்தில் 4000 புள்ளிகள்; காமிரா காணும் அகலம் 70 பாகை. ஆக, ஒரு புள்ளிக்கு 0.0175 பாகை. கை நொடிக்கு ஒரு பாகை வீதம் மெல்ல அசைகிறது என்று கொள்வோம். அறைக்குள் பத்தில் ஒரு நொடி ஒளியைச் சேர்த்தால், படம் ஏறத்தாழ 6 புள்ளி அகலத்துக்கு இழுபட்டுப் போகும். வெளிச்சத்தில் 500-ல் ஒரு நொடியே போதும் என்றால், அசைவு ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்களவே. எனவே துணியைத் திண்ணைக்கோ சன்னல் ஓரத்துக்கோ கொண்டு வாருங்கள். காமிராவின் கண்ணாடியில் படிந்த விரல் பிசுக்கை மெல்லிய துணியால் துடையுங்கள். போனை ஒரு ஸ்டூலின் மேல் புத்தகங்களோடு சாய்த்து வைத்து, டைமரை 3 நொடிக்கு அமைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

மூன்றாவது உண்மை தூரத்தைப் பற்றியது. அங்குலத்துக்கு 80 பாவு இழை ஓடும் துணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மில்லிமீட்டருக்கு மூன்றுக்குச் சற்று மேல். ஓர் இழையும் அடுத்த இடைவெளியும் தனித்தனியே தெரியக் குறைந்தது இரண்டு புள்ளிகள் வேண்டும்; ஆக, மில்லிமீட்டருக்கு 6 புள்ளிகளுக்கு மேல் தேவை. ஒரு மீட்டர் அகலத் துணியை 4000 புள்ளிகளில் அடக்கினால் கிடைப்பது 4 மட்டுமே. இழை தெரியாதது மட்டுமின்றி, துணியில் இல்லாத வளைவரிகளும் படத்தில் தோன்றலாம். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தால் இத்தகைய வரிகளைக் காண்பீர்கள். அரை மீட்டர் மட்டும் விழும்படி அருகில் சென்றால், மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் கிடைத்துவிடும். முழுத் துணிக்கு ஒரு படம், கரைக்கு ஒரு படம் என்று தனித்தனியே எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்படும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

கருவி மட்டும் சிறந்ததாக இருந்தால் போதாது என்பதற்கு வானியலிலும் ஒரு சான்று உண்டு. சேலத்துக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1986-ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. விண்வெளியில் சுற்றும் ஹபிள் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு வினாடிக் கோணம். கணக்குப்படி இரண்டு ஆடிகளும் 0.06 வினாடிக் கோணம் வரை பிரித்துக் காட்ட வேண்டும். ஆனால் காவலூரில் நம் தலைக்கு மேல் காற்று கொதிநீர்போல் அலைகிறது. படம் ஒரு வினாடிக் கோணத்துக்கும் மேலாகப் பரவிவிடுகிறது. குறை ஆடியில் இல்லை. இடையில் இருக்கும் காற்றில் இருக்கிறது.

"படம் மங்கினால் என்ன? கணினி சரிசெய்துவிடாதா?" என்று கேட்பீர்கள். அதற்கும் ஹபிளே பாடம். 1990-இல் ஏவப்பட்ட பின்புதான் அதன் ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டது தெரியவந்தது. குறையின் அளவு துல்லியமாகத் தெரிந்ததால், அறிஞர்கள் கணக்கின் மூலம் படங்களை ஓரளவு தெளிவாக்கினார்கள். பிரகாசமான பொருள்களில் அது பலித்தது. மங்கலானவற்றில் அவ்வளவாகப் பலிக்கவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே சென்று திருத்தும் கருவிகளைப் பொருத்திய பிறகே பார்வை முழுமையாகத் தெளிந்தது.

பதிவான ஒளியிலிருந்து தெளிவை மீட்பது நேர்மையான முறை. வேறொரு முறையும் இப்போது வந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, அதைச் செல்போனால் படம் எடுத்தார். திரையில் இல்லாத நுண்விவரங்கள் போன் படத்தில் இருந்தன! செயற்கை நுண்ணறிவு தான் கற்ற நிலவை அங்கே சேர்த்துவிட்டது.

நிலவுக்கு இதனால் நட்டம் இல்லை. ஆனால் துணிக்கு? நெய்யாத இழையைப் படத்தில் காட்டி விற்றால், அது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். அறிவியல் கண்காட்சியில் பூச்சியின் இறகைப் படமாக வைக்கும்போது, காமிரா கற்பனை செய்த நரம்புகள் அதில் இருந்தால் அது சான்றாகாது. எனவே, செயற்கை நுண்ணறிவால் படத்தைத் திருத்தியிருந்தால் அதைக் கீழே எழுதிவிடுவது நம் கடமை என்பேன்.

விலை உயர்ந்த காமிராவால் பயனே இல்லை என்று நான் கூறவில்லை. பெரிய உணர்வியும், கை அசைவை ஈடுசெய்யும் வில்லையும் இரவில் உண்மையாகவே உதவும். நம் வேலைக்கு அவை தேவையா என்பதே கேள்வி.

அதை நீங்களே சோதித்து அறியலாம். பாடநூலின் ஒரு பக்கத்தைச் சுவரில் ஒட்டுங்கள். இரவில் விளக்கொளியில் கையால் ஒரு படம். அதே ஒளியில் ஸ்டூலும் டைமரும் கொண்டு ஒரு படம். பகலில் சன்னல் ஒளியில் ஒன்று. பாதித் தூரத்தில் ஒன்று. நான்கையும் பெரிதாக்கி, மிகச் சிறிய எழுத்து எதில் படிக்க முடிகிறது என்று நோட்டில் குறியுங்கள். நான்காவது படத்திலும் எழுத்து தெரியவில்லை என்றால், அப்போது அப்பாவிடம் புதுப் போன் கேளுங்கள். அந்த நோட்டையும் மறக்காமல் காட்டுங்கள்.