கடல் கடந்தும் கரையாத சாதி

இங்கிலாந்தில் தமிழர்கள் கூடும் இடங்களில் 'எந்த ஊரு?' என்பது முதல் கேள்வி. புதுக்கோட்டை என்றேன். 'புதுக்கோட்டையில எந்தப் பக்கம்?' என்று அடுத்த கேள்வி வந்தது. அது ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுவதல்ல.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களுக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசியதும், 'இங்க வந்துமா சாதி பேசுறது?' என்றார்கள் நண்பர்கள். சொந்தச் சாதியில் பெண் பார்ப்பது மட்டும் அவர்களுக்குச் சாதி பேசுவதாகத் தெரிவதில்லை.

அரசியலிலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அதே ஊரின் மூன்று தலித் இளைஞர்கள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள். சமூகநீதி பேசும் ஆட்சியில்தான் இது நடந்தது.

பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010இல் வந்தது. அதில் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் அரசைக் கட்டாயப்படுத்தியது. நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று 2018இல் கன்சர்வேட்டிவ் அரசு அதைக் கைவிட்டது. விளைவு, வேலையிடத்தில் சாதியால் ஒதுக்கப்படுபவர், அது இனப் பாகுபாட்டுக்குள் அடங்கும் என்று முதலில் வாதாட வேண்டியிருக்கிறது.

இங்கே நிறவெறிக்கு எதிராக நம்முடன் பேரணிக்கு வரும் நண்பர்கள் பலர் உண்டு. தோழர்களே, அவர்களிடம் கேளுங்கள்: சாதிக்கு எதிரான சட்டத்துக்கும் வருவீர்களா? அந்தப் பதிலில்தான் நட்பு தெரியும்.