சாப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால், செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரைத் தாங்கிய விளம்பரங்கள் ஊரெங்கும் முளைக்கின்றன. மூன்று மாதத்தில் சான்றிதழ், உறுதியான வேலை, லட்சங்களில் ஊதியம் என்று பயிற்சி நிலையங்கள் கூவி விற்கின்றன. மட்டாஞ்சேரியில் சுமை தூக்கும் தொழிலாளியின் மகளும், அருகே ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பத்தின் மகனும் கேட்கும் கேள்வி ஒன்றே: இதை எங்கிருந்து தொடங்குவது? இக்கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பைக் கல்வி வணிகர்களிடம் விட்டுவிட இயலாது.

மட்டாஞ்சேரிக்கு இதில் ஒரு தனி நினைவு உண்டு. ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில் வேலை தேடிவந்த கூட்டத்தின் நடுவே ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ‘சாப்பா’ எனப்பட்ட உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். அடித்துப் பிடித்து அதைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டில் அன்று அடுப்பெரியாது. இந்த இழிவை எதிர்த்து எழுந்த போராட்டத்தில்தான் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய தோழர்கள் அப்போராட்டத்தின் தியாகிகள்.

சாப்பா ஒழிந்தது, அதன் தத்துவம் ஒழியவில்லை. செயற்கை நுண்ணறிவு தானாகக் கற்றுக்கொள்வதில்லை. படங்களுக்குப் பெயரிட்டும், உரைகளைத் தரம்பிரித்தும், விடைகளுக்கு மதிப்பெண் இட்டும் அதைப் பழக்குவோர் மனிதர்களே. அமேசான் நிறுவனம் 2005-இல் தொடங்கிய ‘மெக்கானிக்கல் டர்க்’ போன்ற தளங்களில் இவ்வேலை சிறு துண்டுகளாக வீசப்படுகிறது, முந்தியவர் எடுத்துக்கொள்கிறார். ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்காகக் கென்யத் தொழிலாளர்கள் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலியில், வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைந்த எழுத்துகளை வகைப்படுத்திய செய்தி 2023 ஜனவரியில் வெளிவந்தது. துறைமுகத்தில் எறிபவனின் முகமாவது தெரிந்தது. இங்கே எறிபவர் கண்ணில் படுவதில்லை. பொறுக்குபவர்கள் ஒருவரையொருவர் அறிவதுமில்லை. நம் பிள்ளைகள் இத்துறையில் நுழையப்போவது அதை ஆக்குபவர்களாகவா, புதிய சாப்பாவுக்குக் கை நீட்டுபவர்களாகவா என்பதே நம்முன் உள்ள வினா.

ஆக்குபவராக நுழைய விழையும் மாணவருக்கு முதற்படி கணிதம். ஒரு மொழி மாதிரி அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணிக்கிறது. கணிப்பில் நேர்ந்த பிழையை அளக்கிறது. பிழை குறையும் வகையில் தன்னுள் இருக்கும் எண்களைத் திருத்திக்கொள்கிறது. கோடிக்கணக்கான முறை நடக்கும் இச்செயலின் அடித்தளம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூலில் உள்ள அணிகள், நிகழ்தகவு, வகை நுண்கணிதம் ஆகியவையே. தேர்வுக்காகப் படித்து மறந்ததை மீண்டும் கையில் எடுப்பதே உண்மையான தொடக்கம்.

இரண்டாவது படி கருவி. பைதான் என்னும் நிரல்மொழியும், சைகிட்-லேர்ன், பைடார்ச் போன்ற நிரல் தொகுப்புகளும் கட்டற்ற மென்பொருள்களே. எவருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டுமே கட்டணம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வகம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான தரவுகளையும் மாதிரிகளையும் திறந்த முறையில் வெளியிட்டுள்ளது. தனியார் பயிற்சிக்காகக் கடன் வாங்குமுன் இவற்றை மாணவர்கள் அறிந்தாக வேண்டும்.

மூன்றாவது படி, தத்தம் பாடத்தில் ஆழ்ந்த அறிவு. ‘உழைப்பு’, ‘உழைப்புச் சக்தி’ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவர், மொழிபெயர்ப்புப் பொறி அவற்றைக் குழப்பித் தரும்போது பிழையைக் காணமாட்டார். வரலாறு பயிலும் மாணவருக்கும் வணிகவியல் மாணவருக்கும் இது பொருந்தும். பொறியின் விடையைச் சோதிக்கத் தெரியாதவர் அதன் எசமானர் ஆக இயலாது.

முதல் முயற்சி தம் தெருவிலிருந்தே பிறக்கட்டும். மேற்குக் கொச்சியில் கடல் ஏற்றத்தின்போது வீடுகளுக்குள் உப்புநீர் புகுகிறது. எந்நாளில் எத்தெருவில் எவ்வளவு நீர் ஏறியது என்று மாணவர்கள் பதிவு செய்து, ஓத அட்டவணையோடும் மழை அளவோடும் ஒப்பிட்டு முன்னறிவிக்கும் எளிய மாதிரியை ஒரு சாதாரண மடிக்கணினியிலேயே அமைக்கலாம். தரவு எங்கிருந்து வருகிறது, யாருடையது, எங்கே பிழைக்கிறது என்னும் பாடங்களை எந்தச் சான்றிதழையும்விட அது நன்றாகக் கற்பிக்கும்.

ஆயினும் தனிமனித முயற்சியைப் போதித்துவிட்டு அரசை விடுவிப்பது நம் நிலைபாடு அன்று. 2001-இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டத்தின் வழியே கேரளப் பொதுப்பள்ளிகள் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2023 ஜூனில் கே-ஃபோன் இணையம் தொடங்கப்பெற்றது. 2024-இல் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. பொதுத்துறை வழியே அறிவைப் பரவலாக்க இயலும் என்பதற்கு இவை சான்றுகள். ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் இந்தியா ஏஐ இயக்கத்துக்கு ஏறத்தாழ 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அப்பணத்தில் எழும் கணினித் திறன் பெருநிறுவனங்களின் வாசலோடு நின்றுவிடாமல், அரசுக் கலைக் கல்லூரியின் ஆய்வகம் வரை வந்து சேர வேண்டும் என்பது நமது கோரிக்கை.

கற்றவருக்கும் அமைப்பு வேண்டும். அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 2023-இல் 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தே, செயற்கை நுண்ணறிவைத் தம் ஊதியத்துக்கும் உரிமைக்கும் எதிராகப் பயன்படுத்துவதற்கு வரம்பு விதிக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றனர். திறமை வேலையைப் பெற்றுத் தரலாம். அவ்வேலையின் விதிகளைத் தீர்மானிப்பது கூட்டு வலிமையே.

எனவே கிளைகளும் மாணவர், வாலிபர் அமைப்புகளும் உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. படிப்பகம், நூலகம் ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு மாலை, இரண்டு கணினிகளோடு ஒரு கற்றல் வட்டம் தொடங்குக. கணிதம் அறிந்த ஆசிரியத் தோழரும், மென்பொருள் துறையில் பணிபுரியும் தோழரும், தரவு வேலையில் கூலிக்கு உழைக்கும் இளைஞரும் அங்கே ஒன்றாக அமரட்டும். பொறியின் கணக்கையும் அதை இயக்கும் முதலாளித்துவத்தின் கணக்கையும் ஒருசேரக் கற்கும் தலைமுறையின் முன் எவரும் வில்லைகளை வீசி எறிந்துவிட முடியாது.