கயிறும் பட்டியலும்

"எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்கடா, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு."

ஒன்பதாம் வகுப்பு வாசலில் நின்று வாத்தியார் போட்ட சத்தம் இது. ஏழு பேர் எழுந்தோம். அதுவரை என் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவன் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். எங்கள் பள்ளியில் அன்று யார் கையிலும் கயிறு இல்லை. வாத்தியார் குரலே போதுமானதாக இருந்தது.

தென்மாவட்டப் பள்ளிகளில் பையன்கள் கலர் கலராகச் சாதிக்கயிறு கட்டுவதைப் பார்த்து இன்று எல்லோரும் உச்சுக்கொட்டுகிறார்கள். சினிமா கெடுத்ததாம், செல்போன் கெடுத்ததாம். 2019இல் கயிற்றைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் ஒதுங்கிக்கொண்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அவன் செய்த குற்றம், தனக்கு நடந்த கொடுமையைப் பள்ளியில் சொன்னது.

அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் கூடாது என்றது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, ஆசிரியர் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்றும் சொன்னது. நாடு முழுக்கக் கயிற்றையும் திலகத்தையும் பற்றித்தான் சண்டை. ஆசிரியரைப் பற்றி மூச்சில்லை.

இதுதான் சாக்கென்று சில 'முற்போக்குகள்' கிளம்புகிறார்கள்: "சாதிச் சான்றிதழை ஒழிச்சா சாதி போயிடும்." அய்யா, சான்றிதழ் எங்கள் உரிமைச் சீட்டு. அது பீரோவுக்குள் இருக்கும்போது யாரையும் வெட்டவில்லை. அதைப் பார்த்துத் தயாரித்த பட்டியலை நாற்பது பிள்ளைகள் நடுவில் உரக்கப் படிக்கிறீர்களே, அங்கேதான் இருக்கிறது விஷம். உதவித்தொகையைப் பிச்சை போலக் கொடுத்தால், வாங்காதவனுக்குத் தானாகவே திமிர் வளரும்.

நான் வங்கிக் கவுண்டரில் உட்காருகிறவன். போன வருஷம் சீருடையோடு ஒரு பிள்ளை கணக்குத் தொடங்க வந்தது. எதற்கு என்றேன். உதடு மட்டும் அசைந்தது. "சத்தமாச் சொல்லும்மா." கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு சொன்னாள்: "ஸ்காலர்ஷிப்புக்கு சார். பின்னாடி எங்க கிளாஸ் பையன் நிக்கிறான்."

சத்தமாச் சொல்லச் சொன்ன நானும் அந்த வாத்தியாராகத்தான் இருந்திருக்கிறேன்.

மாணவத் தோழர்களே, வகுப்பில் அடுத்த முறை அந்தப் பட்டியல் வாசிக்கப்பட்டால் எழுந்து நில்லுங்கள். தலையைக் குனிய வேண்டாம். நேராகப் பார்த்துச் சொல்லுங்கள்: "எங்களுக்குப் பேர் இருக்கு சார். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க."