தோண்டுமுன் தேடுக!

நெய்வேலித் தமிழன்பர்களே!

1957-இல் இங்குத் தொடங்கிய சுரங்கத் தோண்டல் இன்றும் நின்றபாடில்லை. பழுப்பு நிலக்கரியை எட்டுதற்கு அதன்மேற் கிடக்கும் மண்ணையும் மணற்கல்லையும் பெரும்பொறிகள் அகழ்ந்து குவிக்கின்றன. அந் நிலக்கரியோ மாந்தன் தோன்றுதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முற்பட்டது. அதனுள் அவன் சுவடு இராது. இருக்குமாயின் மேற்பரப்புச் செம்மண்ணிலும் கூழாங்கற் படிவிலுமே இருக்கும். முதலில் வழித்தெடுக்கப்படுவது அதுவன்றோ!

இது வீண் அச்சமன்று. 1863-இல் இராபர்ட்டு புரூசு பூட்டு பல்லாவரத்திற் கற்கோடரி கண்டார். அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்தையும் கண்டார். அங்கே சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்தெடுத்த கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011-இல் அறிவிக்கப்பெற்றது. அக்குழுவினர் செயற்கைக்கோட் படங்களையும் தேடலுக்குத் துணைக்கொண்டனர்.

முன்கணிப்பு என்பது குறி சொல்வதன்று. அறிந்த இடங்களின் இயல்புகளை — நீரண்மை, நிலச்சரிவு, கருவிக்கேற்ற கல், படிவின் அகவை — தொகுத்து, அவை ஒருங்கே அமைந்த பிற இடங்களை நிலப்படத்திற் குறிப்பதே அது. பின்னர்க் காலால் நடந்து சரிபார்த்தல் வேண்டும். கிடைத்ததைப் போலவே கிடையாததையும் பதிந்தாலன்றிப் படம் பொய்த்துவிடும்.

தீவுகளில் இது மேலும் அரிது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகட்கு முன் கடல் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஈழமும் நம் நிலத்தோடு இணைந்திருந்தது. அன்றைய கரை இன்று நீரடியில் உள்ளது. ஆகவே கடலின் பழைய எல்லையையும் கணக்கிலே சேர்த்தல் வேண்டும். பெருநிலத்தோடு இணையாத புளோரசுத் தீவிலும் 10 இலக்கம் ஆண்டுப் பழமையுடைய கற்கருவிகள் கிடைத்துள்ளன.

ஒன்றை நெஞ்சில் நிறுத்துவோம். அத்திரம்பாக்கத்து முதற்கருவிகளைச் செய்தோர் இன்றைய மாந்தவினத்தாரே அல்லர். அவர்களைத் தமிழர் என்று முழங்குவது நம் மெய்யான தொன்மைக்கும் இழுக்காம். சான்றில்லாப் பெருமை பகைவர்க்குப் படைக்கலம். சான்றுள்ள பெருமையோ யார் மறுப்பினும் நிலைக்கும்.

ஆதலின் நாம் கேட்பது இதுவே: புதுநிலம் கைக்கொள்ளுமுன் முன்கணிப்பு நிலப்படம் வரைக, தொல்லியலார் அந்நிலத்தை நடந்து பார்க்க இடந்தருக, முடிவுகளைத் தமிழில் வெளியிடுக. நிலக்கரி எரிந்து சாம்பலாகும். அதன் விலையை மீண்டும் ஈட்டலாம். ஒருமுறை பெயர்த்த படிவையோ எக்காலத்தும் மீண்டும் அடுக்கவியலாது.

தோண்டுமுன் தேடுக! தேடியபின் பேசுக!